பதினான்காம் கேள்வி

நாகையாவுக்குப் புது மோட்டார் சைக்கிள் கிடைத்த செய்தி திருச்செல்வத்துக்குக் காது வழியாகத்தான் வந்து சேர்ந்தது. யாரும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, கிள்ளானில் அவர் எட்டு வருடமாக இடியாப்பம் விற்றுவரும் அடுக்குமாடி வீடுகளின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊதல் கேட்டது. திருச்செல்வத்தின் மோட்டார் சைக்கிளில் இருப்பது ரப்பர் உருண்டையை அமுக்கினால் சளி பிடித்த வாத்து போலக் கத்தும் ஊதல். இப்போது கேட்டதோ மூன்று சுரங்களில் ஏறி இறங்கும் மின்சார ஊதல். நான்காம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. எட்டு வருடமாக அவருக்காகத் திறந்த ஜன்னல் அது. அன்று அது அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன்பக்க வரிசை திருச்செல்வத்துக்கு, பின்பக்க வரிசை நாகையாவுக்கு என்பது இரண்டு இடியாப்பக்காரர்களும் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு. அந்த எல்லையைக் கடந்து திருச்செல்வம் மெதுவாக எட்டிப் பார்த்தார். சிவப்பு மோட்டார். பின்னால் முகம் பார்க்கும்படி பளபளக்கும் எஃகுப் பெட்டி. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில், 'சுயதொழிலாளர் நலன் மேம்பாட்டு ஒருங்கிணைப்பு வாரியம்' என்ற நீண்ட பெயரும், அதன் கீழ் 'உங்கள் உழைப்பு, எங்கள் பெருமை' என்ற வாசகமும் இருந்தன.

"என்ன நாகையா, புதுசா?" என்றார், ஏதோ சட்டையைக் கேட்பதுபோல.

"வாரியத்துல குடுத்தாங்கண்ணே. விண்ணப்பப் பாரம் போட்டேன், ரெண்டே வாரம். நீங்களும் போடுங்க."

"எனக்கு எதுக்கு? என் மோட்டாரு நல்லாத்தானே ஓடுது."

சொல்லிவிட்டுத் தன் மோட்டாரை உதைத்தார். ஏழாவது உதைக்குத்தான் அது ஒப்புக்கொண்டது.

பொறாமை திருச்செல்வத்துக்குப் புதியதல்ல. ஆனால் அவருடையது சத்தம் போடாத பொறாமை. பிறரைப் பற்றிக் குறை சொல்லாது. ஒரு மூலையில் உட்கார்ந்து யோசிக்கும். அன்று முழுவதும் அவர் யோசித்தார். மோட்டாரைப் பார்த்த மெக்கானிக், "தீபாவளி வரைக்கும் ஓடும், எந்தத் தீபாவளின்னு கேக்காதே" என்று போன மாதமே சொல்லியிருந்தான். மோட்டார் நின்றால் வியாபாரம் நிற்கும். வியாபாரம் நின்றால் ஏதாவது ஒரு கொண்டோமினியத்து வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே போகிற கார்களுக்குக் கம்பி தூக்கிவிடும் ஜாகா வேலைதான், காவல்காரன் வேலை. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொள்வார். அந்தக் கம்பியின் முன்னால் நாகையா சிவப்பு மோட்டாரில் வந்து நின்று ஊதல் அடிப்பதை மட்டும் தாங்க முடியாது.

மறுநாள் காலை நான்கு மணிக்கு, இடியாப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போதே, கைபேசியில் விண்ணப்பப் பாரத்தைத் திறந்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி மனைவி புனிதா பிழிவாள். திருச்செல்வம் அச்சுக்கு அடியில் பிரம்புத் தட்டைச் சுற்றுவார். தட்டு ஒரே சீராகச் சுற்றுவதில்தான் இடியாப்பமே இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. அன்று ஒரு கையால் சுற்றி, மறு கையால் பாரத்தை நிரப்பினார்.

முதல் பதின்மூன்று கேள்விகள் சுலபமாகவே இருந்தன. 'உங்கள் வருமானம் ஏன் குறைவாக இருக்கிறது? இருபது சொற்களுக்குள் விளக்கவும்' என்ற பதினோராவது கேள்வியில் மட்டும் சற்று நேரம் பிடித்தது. பிறகு பதினான்காம் கேள்வி வந்தது. நீங்கள் 'பெக்கெர்ஜா செண்டிரி'யா?

மலாயில் பெக்கெர்ஜா என்றால் வேலை செய்வது; செண்டிரி என்றால் 'சுயமாக' என்றும் பொருள், 'தனியாக' என்றும் பொருள். பாரம் கேட்டது முதலாவதை. திருச்செல்வம் அதைச் சத்தமாக வாசித்தது புனிதாவின் காதில் விழுந்தபோது, அது இரண்டாவதாக விழுந்தது.

"தனியாவா?" என்று அவள் பிழிவதை நிறுத்தினாள். "அப்ப நான் யாரு? பேயா?"

"இல்ல புனிதா, இது வந்து..."

"நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு கிண்டி, பிழிஞ்சு, அவிச்சு, தேங்கா துருவி... தனியாவாம்ல!"

திருச்செல்வம் அவசரமாக 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டார். மலாய் தெரியாததால் நேர்ந்த தவறு அல்ல அது. மனைவியைத் தெரிந்ததால் நேர்ந்த தவறு.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அவர் முதலாளியிடம் வேலை செய்யும் தொழிலாளி என்பதால் சுயதொழிலாளர் உதவிக்குத் தகுதியில்லை. கேள்விகள் இருந்தால் ஷா ஆலம் தலைமையகத்துக்கு நேரில் வரவும்.

வாரியம் ஷா ஆலத்தில் பதினோரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. ஏழைகள் மேலே ஏறி வருவதற்குச் சிரமப்படக் கூடாது என்று அவர்களுக்கான முகப்பைத் தரைத்தளத்தில் வைத்திருந்தார்கள். மற்ற பத்து மாடிகளும் அவர்களைப் பற்றி யோசிப்பதற்கு. முகப்பில் ஷாமினி என்ற இளம்பெண் இருந்தாள். தமிழ்ப் பெண் என்றதும் திருச்செல்வத்துக்குப் பாதி மோட்டார் கிடைத்துவிட்டது போல இருந்தது.

"அங்கிள், சிஸ்டத்துல உங்களுக்கு முதலாளி இருக்காரு."

"எனக்கு முதலாளியே கிடையாதும்மா. நானும் வீட்டுக்காரம்மாவும்தான் இடியாப்பம் போடுறோம்."

"செண்டிரி இல்லன்னு நீங்கதானே டிக் பண்ணிருக்கீங்க? செண்டிரி இல்லன்னா முதலாளி இருக்கணும் அங்கிள். சிஸ்டம் சும்மா சொல்லாது லா."

"தப்பா டிக் பண்ணிட்டேன். மாத்திக்கலாமா?"

"மாத்தலாம். அந்த முதலாளிகிட்ட, வேலையவிட்டு நிறுத்திட்டேன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

"முதலாளிதான் இல்லையே!"

"அப்ப முதலாளி இல்லன்னு முதலாளிகிட்டேருந்து ஒரு லெட்டர்." ஷாமினி கனிவாகச் சிரித்தாள். "எதுவா இருந்தாலும் கையெழுத்து வேணும் அங்கிள்."

இது முடியாது என்றால் வேலையில்லாதவர்களுக்கான நான்காம் மாடியில் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். நான்காம் மாடியில் இருந்தவர் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இடியாப்பம் விற்றேன் என்றார் திருச்செல்வம். அப்படியானால் வேலை இருக்கிறது. மூன்று மாதம் எதையும் விற்காமல் இருந்துவிட்டு வந்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. அதன் பிறகு மோட்டார் கிடைக்குமா என்று திருச்செல்வம் கேட்டார். எதையும் விற்காதவருக்கு எதற்கு மோட்டார் என்று அதிகாரி நியாயமாகவே கேட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் புனிதா நோட்டை எடுத்தாள். ஒரு தாளைக் கிழித்தாள்.

"நானே எழுதித் தரேன். முதலாளின்னு போட்டுக்கறேன்."

"பொய்யாச்சே."

"எது பொய்யி?" என்றாள் புனிதா. 

கடிதம் சுருக்கமாக இருந்தது. 'எனது தொழிலாளி திருச்செல்வத்தை இன்று முதல் வேலையை விட்டு நிறுத்துகிறேன். காரணம்: காலையில் மூன்று தடவை எழுப்பினாலும் எழுவதில்லை.' காரணம் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது ரொம்ப நாளாக அவள் மனதில் இருந்தது.

ஷாமினி அதை மகிழ்ச்சியோடு வாங்கி முத்திரை குத்தினாள். அதே மகிழ்ச்சியோடு இன்னொரு காகிதத்தைக் கொடுத்தாள். ஒழுங்கீனத்துக்காக வேலை இழந்தவர்கள் சுயதொழிலுக்கு மாறும் முன் ஒருநாள் மனமாற்றப் பயிற்சிக்கு வர வேண்டுமாம்.

பயிற்சி ஒன்பதாம் மாடி மண்டபத்தில் நடந்தது. காலைப் பசியாறலுக்கு இடியாப்பம் வைத்திருந்தார்கள். திருச்செல்வம் ஒன்றை எடுத்து வாயில் போட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மாவில் வெந்நீர் கொஞ்சம் கூடுதல், நாகையாவின் கை. வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது மேடையில் நாகையாவே ஏறினார். புதுச்சட்டை. 'முன்மாதிரி உதவிபெறுநர்' என்று நெஞ்சில் ஒரு ரிப்பன். வாரியத்தின் உதவி இயக்குநர் யுகேந்திரன் அவர் தோளில் கைபோட்டார்.

"இவரப் பாருங்க," என்றார் யுகேந்திரன். "யாரையும் நம்பி நிக்கல. தனி ஆளா மாவு பிசையறாரு, தனி ஆளா பிழியறாரு, தனி ஆளா விக்கறாரு. இதுதான் உண்மையான செண்டிரி! எல்லாரும் கைதட்டுங்க."

எல்லாரும் தட்டினார்கள். நாகையா தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருச்செல்வமும் தட்டினார். ஆனால் அவருடைய கைகள் ஒன்றை ஒன்று தொடவில்லை.

அடுத்து யுகேந்திரன் வாரியத்தின் சாதனைகளை விளக்கினார். "உதவிய நம்பி வாழ்றவங்கள குறைக்கறதுதான் நம்ம வாரியத்தோட குறிக்கோள். போன வருசம் விண்ணப்பம் போட்டவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்து நாலு பேரு உதவி இல்லாமலே வாழப் பழகிட்டாங்க. இது உலகத்தரமான வெற்றி. மீதி ஆறு பேரையும் இந்த வருசம் சரி பண்ணிருவோம்." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "சில பேரு கேக்கறாங்க, இந்தப் பயிற்சிக்குச் செலவு பண்ற காச நேரா எங்ககிட்டயே குடுத்துடலாமேன்னு. குடுத்துட்டா பயிற்சிக்கு யாரு வருவா? யோசிக்கணும் இல்லையா?"

திருச்செல்வம் யோசித்தார். அவர் எப்போதும் யோசிப்பவர்தான்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கிடைத்தது. கடைசியாக ஒரே ஒரு சடங்குதான் பாக்கி: வீட்டுக்கு வந்து, அவர் உண்மையிலேயே தனியாகத்தான் தொழில் செய்கிறாரா என்று யுகேந்திரன் கண்ணால் பார்ப்பார். அதிகாலை நான்கு மணிக்கு வரச் சொன்னார் திருச்செல்வம். வாரியம் காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்பதால் உற்பத்தியைப் பத்தரைக்கு மாற்றிக்கொள்ளும்படி உத்தரவு வந்தது.

சோதனைக்கு முந்தின நாள் மாலை திருச்செல்வம் தன் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டு நாகையாவின் வீட்டுக்குப் போனார். தனி ஆளாகப் பிழிவது எப்படி என்று தெரிய வேண்டும். நாகையா சமையலறையைக் காட்டினார். பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை நிமிர்த்தி வைத்து, அதில் ஒரு கார் ஜாக்கைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். காலால் மிதித்தால் ஜாக் இறங்கி அச்சை அழுத்தும். இரண்டு கைகளும் தட்டைச் சுற்ற மிச்சமிருக்கும்.

"மூணாவது கை வேணும் இல்லையாண்ணே, அதான்."

திருச்செல்வத்துக்கு இப்போது ஜாக்கின் மேலும் பொறாமை வந்தது. இப்படி ஒன்று தனக்குத் தோன்றவில்லையே! சட்டத்தில் பூவேலை செய்த கட்டில் தலைப்பு அப்படியே இருந்தது. இரட்டைக் கட்டில். நாகையாவின் மனைவி தவறிப்போய் மூன்று வருடமாகிறது என்பது அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தார். இருவரும் வெகுநேரம் ஜாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றார் நாகையா கடைசியில். "அக்கா இருக்காங்க."

ஜாக்கை இரவல் கேட்க நினைத்தவருக்கு அதன் பிறகு கேட்க வாய் வரவில்லை. குடுக்க மனசில்லாமல்தான் இப்படிச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் பத்தரைக்கு யுகேந்திரன் கழுத்தில் அட்டையும் கையில் கேமராவுமாக வந்தார். புனிதா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வதாக ஏற்பாடு.

"ஆரம்பிங்க சார். நீங்க இயல்பா இருங்க," என்று யுகேந்திரன் கேமராவை மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

திருச்செல்வம் மர அச்சில் மாவை நிரப்பினார். இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. எட்டு வருடத்தில் அவர் அச்சைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பற்களைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். ஒரு மூலையிலிருந்து மட்டும் கயிறு போலத் தடிமனாக ஒன்று இறங்கி ஒரே இடத்தில் குவிந்தது. தட்டைச் சுற்ற வேண்டும், கையில்லை. முழங்காலால் தள்ளினார். தட்டு உருண்டு யுகேந்திரனின் காலணியில் மோதி நின்றது.

"இது என்ன சார்?"

"இடியாப்பம்."

யுகேந்திரன் அதைப் பல கோணங்களில் படம் எடுத்தார். "வாரியத்து விளக்கப் படத்துல வேற மாதிரி இருக்கே."

திருச்செல்வம் மறுபடி முயன்றார். இந்த முறை அச்சே கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தைப் புனிதாவால் பொறுக்க முடியவில்லை. அச்சு அவளுடைய அம்மா வீட்டுச் சீதனம். கதவு படாரென்று திறந்தது.

"தள்ளுங்க!"

அச்சை எடுத்துத் துடைத்தாள். மாவை அள்ளிப் போட்டாள். தட்டைத் தரையில் வைத்து, அச்சை அதன் மேல் பிடித்து, அழுத்திக்கொண்டே அச்சையே வட்டமாகச் சுழற்றினாள். வெள்ளை நூல் வளையம் வளையமாக இறங்கியது. ஒரு தட்டு, இரண்டு, மூன்று. தட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றுகூடச் சுற்றவில்லை.

"சந்தைக்குப் போனவங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டார் யுகேந்திரன். யாரும் பதில் சொல்லாததால் அதையும் குறித்துக்கொண்டு புனிதாவிடம் திரும்பினார். "புவான், இவரு உற்பத்தியில என்ன பண்ணுவாரு?"

"தட்டு சுத்துவாரு."

"தட்டு சுத்தலையே?"

புனிதா நிமிர்ந்து பார்க்காமல் நான்காவது தட்டை எடுத்தாள்.

 அன்று சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் திருச்செல்வம் கேட்டார். "அப்ப இத்தன வருசம் நான் எதுக்குத் தட்டச் சுத்தினேன்?"

"பேச்சுத் துணைக்குத்தான்."

"நான்தான் பேசுறதே இல்லையே."

"ஆமா," என்றாள் புனிதா. "பேசாட்டி என்ன. நாலு மணி இருட்டுல எதுத்தாப்புல ஒரு ஆளு இருந்தா போதும்."

பத்து நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது திருச்செல்வத்துக்கு: உற்பத்தியில் தங்களுடைய பங்கு எதுவும் கண்டறியப்படாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இரண்டாவது புனிதாவுக்கு: பாரமே போடாமல், உதவி கேட்காமல், உழைத்துக்கொண்டிருந்த அவளுடைய தன்னம்பிக்கையைப் பாராட்டி, பெக்கெர்ஜா செண்டிரி பிரிவில் ஒரு சிவப்பு மோட்டார்.

திருச்செல்வம் சந்தோஷப்பட்டார். அதாவது, சந்தோஷப்பட வேண்டும் என்று முடிவெடுத்தார். மோட்டார் வீட்டுக்குத்தானே வருகிறது! ஆனால் புனிதா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய பொறாமை அவருக்குள் மெல்ல எழுந்து நின்றது. தன் கடிதத்தை அவர் அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில் வைத்தார்.

வழங்கும் விழாவில் புனிதாவை மேடையேற்றி, அவள் உயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு சாவியைக் கொடுத்தார்கள். திருச்செல்வம் கீழே, நாகையாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்மாதிரிகள் எல்லா விழாவுக்கும் வர வேண்டுமாம்.

"வீட்டுல வேல தெரியாத ஒருத்தரையும் தாங்கிக்கிட்டு, தனி ஆளா இந்தம்மா..." என்று யுகேந்திரன் சொன்னபோது கேமரா திருச்செல்வத்தின் பக்கம் திரும்பியது. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் எழுந்து நின்றார். கூட்டம் கைதட்டியது.

"குடுத்து வச்சவருண்ணே நீங்க," என்றார் நாகையா.

"எனக்கு எங்க குடுத்தாங்க? அவளுக்குத்தான் குடுத்தாங்க."

நாகையா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பதினாலாவது கேள்விண்ணே," என்றார் சற்றுப் பொறுத்து. "எனக்கு டிக் பண்ண ஒரு செகண்டு ஆகல."

உண்மையான சாவியை வாங்க முகப்புக்குப் போனார்கள். புனிதாவுக்கு மோட்டார் லைசன்ஸ் கிடையாது. வாரியத்து மோட்டாரை உதவி பெற்றவரோ, அவரிடம் பதிவு பெற்ற தொழிலாளியோதான் ஓட்டலாம் என்றாள் ஷாமினி.

"அப்ப இவரப் போட்டுக்குங்க," என்றாள் புனிதா.

ஷாமினி கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா அங்கிள்! முதலாளி புனிதா, தொழிலாளி நீங்க. முதல்லயே சிஸ்டம் சொல்லுச்சு, உங்களுக்கு முதலாளி இருக்காங்கன்னு. நீங்கதான் நம்பல." பிறகு இன்னொரு வரியைப் படித்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா உங்கள ஒரு தடவ வேலைய விட்டு நிறுத்தியிருக்காங்க. காலையில எந்திரிக்கறதில்லன்னு ரெக்கார்ட் இருக்கு. அதனால மூணு மாசம் சோதனைக் காலம். முதலாளி மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்பணும்."

"அனுப்பிடறேன்," என்றாள் முதலாளி.

கிள்ளான் போகும் சாலையில் திருச்செல்வம்தான் ஓட்டினார். மோட்டார் தண்ணீர் போல ஓடியது. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. எஃகுப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில் புனிதா ஒடுங்கி உட்கார்ந்து, ஒரு கையால் அட்டைச் சாவியையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்திருந்தாள்.

சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்தில் இன்னொரு சிவப்பு மோட்டார் வந்து நின்றது. நாகையா. அதே பெட்டி, அதே காகிதம். பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த அதே குறுகிய இடத்தில் ஒரு மாவு மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அவர் இவர்கள் பக்கம் திரும்பினார். பார்வை மோட்டாரின் மேல் இல்லை, சாவியின் மேலும் இல்லை. திருச்செல்வத்தின் தோளில் இருந்த கையின் மேல் இருந்தது.

அந்தப் பார்வையைத் திருச்செல்வத்துக்கு நன்றாகத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவரே பார்த்த பார்வை அது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தார்.

"பச்ச விழுந்துடுச்சு," என்றாள் புனிதா பின்னாலிருந்து. "பாத்து ஓட்டுங்க. கம்பெனி மோட்டாரு."